ஹெல்மெட்டுக்குள் எட்டாத எச்சரிக்கை

அமெரிக்காவில் பைக் ஓட்டுபவர்கள் சிலர் ஹேண்டில்பாரில் உள்ளங்கை அளவில் ஒரு கருவியை மாட்டியிருப்பார்கள். ரேடார் டிடெக்டர். முன்னே எங்காவது போலீஸார் வேகத்தை அளந்துகொண்டிருந்தால் அது கூவும். ஜாமர் என்பது வேறு கருவி. டிடெக்டர் ஒட்டுக்கேட்பதோடு சரி. ஜாமரோ அளவெடுக்கும் கருவியையே குழப்பப் பார்க்கும். சட்டம் இரண்டையும் வெவ்வேறாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

போலீஸ் ரேடார் நுண்ணலையை அனுப்புகிறது. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். பரவலாகப் புழங்கும் 24.15 கிகாஹெர்ட்ஸ் கே பட்டையில், வண்டியின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் மாற்றம் சுமார் 45 ஹெர்ட்ஸ் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 4,500 ஹெர்ட்ஸ். இந்த வேறுபாட்டைத்தான் கருவி வேகமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. பழைய எக்ஸ் பட்டை 10.525-இல் இருக்கிறது, இன்று அதிகம் கவலை தருவது 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள கேஏ பட்டை. டிடெக்டர் என்பது இந்தப் பட்டைகளைத் துழாவும் ஒரு ரேடியோ, அவ்வளவுதான்.

அது முந்திக்கொள்வது எப்படி? இருட்டில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய, வெளிச்சம் உங்கள் மேல் பட்டுத் திரும்ப வேண்டும். அவர் டார்ச்சோ உங்களுக்கு வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். பைக்காரருக்கு இதில் கூடுதல் அனுகூலம் ஒன்று உண்டு. லாரியோடு ஒப்பிட்டால் பைக் திருப்பி அனுப்பும் அலை மிகக் குறைவு. அதனால் ரேடாருக்கு அது கிட்டே வந்த பிறகே பிடிபடும். டிடெக்டர் கேட்கும் தூரம் மட்டும் குறைவதில்லை.

கருவியை விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். போலீஸாரோ ரேடாரை ஓயாமல் இயக்கிக்கொண்டிருப்பதில்லை. வண்டி கண்ணில் பட்டதும் பொத்தானை அழுத்தி நொடியில் அளந்துவிடலாம். உங்களுக்கு முன்னால் போகும் வண்டிகளை அளக்கும்போது சிதறிவரும் அலை கிடைத்தால் பிழைத்தீர்கள். ஆளில்லாத சாலையில் தனியாகப் பறக்கும்போது, அதாவது கை தானாக முறுக்கும் நேரத்தில்தான், இந்தக் கருவியால் பயன் மிகக் குறைவு.

காரில் இல்லாத இன்னொரு சிக்கல், எச்சரிக்கை காதை எட்டாதது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 100 டெசிபலை நெருங்கும். விவரமறிந்தவர்கள் காதில் அடைப்பான் வேறு வைத்திருப்பார்கள். கருவியின் கூவல் அங்கே எடுபடாது. ஆகவே பைக்குக்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்பதை அல்ல. அந்தச் செய்தி தனக்கு எப்படி வந்து சேரும் என்பதை. ஹெல்மெட் ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் வழியே ஒலி அனுப்பலாம். கண்ணின் ஓரத்தில் படும்படி ஒரு சிவப்பு விளக்கு பொருத்தலாம். நடுப்பகல் வெயிலில் கருவியின் சிறிய திரையை நம்ப முடியாது. அதை உற்றுப் பார்ப்பது சாலையிலிருந்து கண்ணை எடுப்பதாகும். இரண்டு சக்கரத்தில் அது அபராதத்தைவிட ஆபத்தானது.

மழை, அதிர்வு, திருட்டு என்று மற்ற தொல்லைகளும் உண்டு. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கச் செய்த கருவி நனைந்தால் போச்சு. பக்கத்து வண்டிகளை உணர்வதற்காகப் பல கார்களில் வைத்திருக்கும் சென்சார்களும் 24 கிகாஹெர்ட்ஸ் அருகிலேயே அலைகளை அனுப்புவதால், பொய் எச்சரிக்கைக்குப் பஞ்சமிருக்காது. பத்து முறை ஏமாந்தவர் பதினோராவதை மதிக்கமாட்டார்.

போலீஸார் ரேடாருக்குப் பதில் லேசர் துப்பாக்கியால் வேகத்தை அளந்தால் டிடெக்டரின் கதை கிட்டத்தட்ட முடிந்தது. 904 நானோமீட்டர் அகச்சிவப்புக் கற்றை, 300 மீட்டர் தூரத்திலும் சுமார் ஒரு மீட்டர் அகலந்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் சிதறுவது சொற்பம். அது உங்கள் டிடெக்டரில் படும்போது உங்கள் வேகம் பெரும்பாலும் துப்பாக்கியின் திரையில் ஏறியிருக்கும். பைக்கில் குறிபார்க்க இடம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் ஹெட்லைட் ஒன்றே போதும்.

அப்படியானால் ஜாமர்? ரேடார் ஜாமர் அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டப்படி ரேடியோ அலைகளுக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது குற்றம், விற்பதும் குற்றம். லேசர் ஜாமர் அனுப்புவது ஒளி என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. மாநிலங்கள்தான் முடிவு செய்கின்றன. கலிஃபோர்னியா, டெக்சாஸ், இல்லினாய் உள்ளிட்ட சில மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. தடை இல்லாத இடத்திலும், வேகம் பதிவாகாமல் பிழைச் செய்தி காட்டும் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் காவலருக்கு விஷயம் புரியாமலா போகும்?

டிடெக்டரைப் பொறுத்தவரை, தனியார் வண்டிகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி உண்டு. வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இல்லை. மேரிலாந்திலிருந்து தெற்கே போகிறவர்கள் எல்லைக்கு முன்பே வண்டியை ஓரங்கட்ட வேண்டும். கருவிக்கு மின்சாரம் இல்லாமலும், ஓட்டுபவர் கைக்கு எளிதில் எட்டாமலும் இருந்தால் வர்ஜீனியச் சட்டம் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. எனவே அணைத்தால் மட்டும் போதாது. ஒயரைக் கழற்றி, கருவியைப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.