நான்கு வெற்றிகள் சொல்வது என்ன?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கல்லாவி, ஊத்தங்கரை வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். ஒன்று சென்னைக் கட்சி. மற்றது பெங்களூர்க் கட்சி. நமது கிருஷ்ணகிரி மாவட்டம் எல்லை மாவட்டம். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் மஞ்சள் சட்டையும் தம்பி சிவப்புச் சட்டையும் அணிந்து ஐ.பி.எல். கிரிக்கெட் பார்ப்பது இங்கே புதுமையன்று.

2025ஆம் ஆண்டு பெங்களூர்க் கட்சிக்குத் திருவிழா. 18ஆவது முயற்சியில் அவர்கள் அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. சென்னை அணியோ 14 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. "அணியை அடியோடு மாற்ற வேண்டும்" என்று சென்னை ரசிகர்கள் பேசத் தொடங்கினார்கள். யாரை நீக்குவது? யாரைச் சேர்ப்பது? யாருக்கு எத்தனை கோடி கொடுப்பது?

இவை ரசிகர்களின் சண்டைகள் போலத் தோன்றும். ஆனால் இவற்றுக்குள் அறிவியல் மாணவன் ஒவ்வொருவனும் மாணவி ஒவ்வொருத்தியும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று ஒளிந்திருக்கிறது. குறைந்த எண்ணிக்கையிலான அளவீடுகளை வைத்துக்கொண்டு ஒன்றன் உண்மையான தன்மையை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்பதே அவ்வினா.

ஏறி இறங்கும் அணி

சென்னை அணியின் அண்மைக் கால வரலாற்றைப் பாருங்கள். 2020இல் ஏழாவது இடம். முதல் நான்கு இடங்களுக்குள் அது வராமற்போனது அதுவே முதல் முறை. 2021இல் கோப்பை. 2022இல் நான்கே வெற்றிகளுடன் ஒன்பதாவது இடம். 2023இல் மீண்டும் கோப்பை. 2024இல் ஐந்தாவது இடம். 2025இல் கடைசி இடம்.

ஓர் அணியின் திறமை ஆண்டுதோறும் இப்படி மலைக்கும் மடுவுக்குமாக மாறுமா? வீரர்களில் பலர் அதே வீரர்கள்தாம்.

2024 மே 18 அன்று பெங்களூரில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் அணி 218 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை அணி தோற்றாலும் 201 ஓட்டங்கள் எடுத்துவிட்டால் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாகத் தேறிவிடும் என்ற நிலை. எடுத்ததோ 191. இரண்டு அணிகளும் ஏழு ஏழு வெற்றிகளுடன் சமமாக நின்றன. நிகர ஓட்ட விகிதத்தில் பெங்களூர் முன்னேறியது. பத்தே ஓட்டங்கள்! அவை கிடைத்திருந்தால் அவ்வாண்டு சென்னையைத் "தேறிய அணி" என்றிருப்போம். அணியின் திறமை அப்போதும் அதேதான்.

நாணயம் சொல்லும் பாடம்

இப்போது ஒரு சோதனை செய்வோம். ஒரு ரூபாய் நாணயத்தை 14 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. எத்தனை வெற்றிகள் வரும்? சராசரி ஏழு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏழே வருவதில்லை.

14 சுண்டல்களின் முடிவுகள் மொத்தம் 16,384 வகைகளில் அமையலாம். அவற்றுள் நான்கு அல்லது அதற்கும் குறைவான தலைகள் விழும் வகைகள் 1,471. அதாவது நிகழ்தகவு ஏறத்தாழ 9 விழுக்காடு. இதன் பொருளைக் கவனியுங்கள். முற்றிலும் சமபலம் கொண்ட பத்து அணிகள் ஆடினாலும், அவற்றுள் ஏறத்தாழ ஓர் அணி வெறும் தற்செயலாலேயே நான்கு வெற்றிகளுடன் நின்றுவிடும். மற்றோர் அணி பத்து வெற்றிகளுடன் தலைநிமிர்ந்து நிற்கும்.

உங்கள் வகுப்பில் 40 பேர் இச்சோதனையைச் செய்தால் மூன்று அல்லது நான்கு பேருக்கு நான்கு தலைகளுக்கு மேல் விழாது. அவர்களை "நாணயம் சுண்டத் தெரியாதவர்கள்" என்று வகுப்பை விட்டு வெளியேற்றலாமா?

சென்னை அணி நன்றாகத்தான் ஆடியது, அதிர்ஷ்டமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2025இல் அவ்வணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது. சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணிக்கு எதிராக 20 ஓவர்களில் 103 ஓட்டங்களே எடுத்தது. எதிரணி அதைச் சுமார் பத்து ஓவர்களில் எட்டிவிட்டது. இத்தகைய தோல்வியை நாணயத்தின் மேல் போட முடியாது. நான் சொல்ல வருவது இவ்வளவே: நான்கு வெற்றிகள் என்ற எண் தனியாக நின்று எதையும் மெய்ப்பிப்பதில்லை. வேறு சான்றுகளையும் தேட வேண்டும்.

எத்தனை அளவீடுகள் வேண்டும்?

ஓசூரில் மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே ஒரு கடைசல் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்கள் வெளிவருகின்றன என்று கொள்வோம். தர ஆய்வாளர் இரண்டு பாகங்களை மட்டும் அளந்துவிட்டு "இயந்திரம் கெட்டுவிட்டது" என்று சொல்வாரா? மாட்டார். போதுமான எண்ணிக்கையில் மாதிரிகளை எடுப்பார். அவற்றின் சராசரியையும் பரவலையும் கணக்கிடுவார். அதன் பின்னரே இயந்திரத்தில் கை வைப்பார். நல்ல இயந்திரத்தைத் தேவையின்றித் திருகினால் அதுவே கேடாகிவிடும்.

அளவீடுகள் கூடக்கூடத் தற்செயல் பிழை குறையும். ஆனால் அது எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடிதான் குறையும். பிழை பாதியாக வேண்டுமானால் அளவீடுகள் நான்கு மடங்காக வேண்டும்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் ஓர் அணி ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. சமபல அணிக்கு வெற்றி விழுக்காட்டின் திட்ட விலக்கம் அங்கே ஏறத்தாழ 4. ஐ.பி.எல். போட்டியின் 14 ஆட்டங்களில் அதுவே 13க்கு மேல். ஆகவே பேஸ்பால் பட்டியல் அணியின் திறமையைப் பற்றி நம் பட்டியலைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

அணியைத் திருத்தி அமைப்பதில் அறிவியல் நுழைந்ததும் பேஸ்பாலில்தான் புகழ்பெற்றது. ஓக்லண்டு நகர அணி 2001ஆம் ஆண்டு முடிவில் ஜேசன் ஜியாம்பி உள்ளிட்ட முன்னணி வீரர்களை இழந்தது. அதன் சம்பளப் பட்டியல் ஏறத்தாழ 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அணிக்கோ அதைப் போல மூன்று மடங்கு. ஓக்லண்டு அணியின் மேலாளர் பில்லி பீன் ஒரு வழி கண்டார். ஓங்கி அடிப்பவர்களுக்கே சந்தையில் விலை அதிகம். ஆனால் பொறுமையாக நின்று, தவறான பந்துகளை விட்டுவிட்டு, முதல் தளத்தை அடைந்துவிடுகிற வீரர்களும் அணிக்கு ஓட்டங்களைத் தேடித் தருகிறார்கள் என்று நீண்ட காலப் புள்ளிவிவரங்கள் காட்டின. அவர்களுடைய விலையோ குறைவு. அத்தகையோரை அவர் சேர்த்தார். 2002இல் ஓக்லண்டு, நியூயார்க் ஆகிய இரண்டு அணிகளும் 103 ஆட்டங்களில் வென்றன!

இதன் பின்கதையும் நமக்குப் பாடமே. 162 ஆட்டங்களில் ஒளிவிட்ட அதே ஓக்லண்டு அணி, அடுத்து வந்த ஐந்து ஆட்டச் சுற்றில் மின்னசோட்டா அணியிடம் 3-2 என்று தோற்று வெளியேறியது.

பூச்சியம், ஐந்து, பூச்சியம்

அணிக்குச் சொன்னது வீரனுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். 2020இல் சென்னை அணியில் ஒரு புது மட்டை வீரர் இறங்கினார். முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் எடுத்தவை 0, 5. அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. அதிலும் 0. மூன்று ஆட்டங்களில் ஐந்தே ஓட்டங்கள்!

இந்த மூன்று எண்களை மட்டும் காட்டி "இவரை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் தேநீர்க் கடை முழுவதும் "வேண்டாம்" என்றிருக்கும். ஆனால் அந்த ஆண்டு அணிக்கு இழப்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை. ஆகவே அவருக்குத் தொடர்ந்து இடம் கிடைத்தது. அடுத்த மூன்று ஆட்டங்களில் அவர் எடுத்த ஓட்டங்கள் 65, 72, 62. அடுத்த ஆண்டு 635 ஓட்டங்களுடன் போட்டியிலேயே முதலிடம் பெற்றார். அணி கோப்பையை வென்றது. அவர்தான் ருதுராஜ் கெய்க்வாட்.

நான்காவது வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. குறைந்த அளவீட்டின் தீமை இதுதான். அது இழைக்கும் தவறு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

சராசரிக்குத் திரும்புதல்

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குறுகிய கால வெற்றியைக் கண்டு மயங்குவதே அது.

2023ஆம் ஆண்டுக்கான ஏலத்தில் சென்னை அணி பென் ஸ்டோக்ஸ் என்னும் இங்கிலாந்து வீரரை 16.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அஜிங்க்ய ரகானேயை 50 லட்சத்துக்கு வாங்கியது. ஸ்டோக்ஸ் இரண்டே ஆட்டங்களில் ஆடி 15 ஓட்டங்கள் எடுத்தார். ரகானேயோ 326 ஓட்டங்களை 100 பந்துக்கு 172 என்ற வேகத்தில் குவித்தார். இந்த வேகத்தை 'ஸ்டிரைக் ரேட்' என்பார்கள்.

சரி, அடுத்த ஆண்டு ரகானே எவ்வளவு வேகத்தில் ஆடுவார் என்று எதிர்பார்க்கலாம்? 172 என்பது சுமார் 189 பந்துகளில் கிடைத்த அளவு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் 3,000க்கும் மேற்பட்ட பந்துகளை ஆடியிருந்தார். அவற்றில் வேகம் ஏறத்தாழ 120. இரண்டையும் அவற்றின் எடைக்கேற்பக் கூட்டிச் சராசரி காண்போம். 3,000 பந்துகளுக்கு 120, 189 பந்துகளுக்கு 172 என்றால் மொத்தச் சராசரி 123. 2024இல் அவர் ஆடிய வேகம் என்ன தெரியுமா? ஏறத்தாழ 123!

இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது தற்செயலே. அதைக் கண்டு மயங்கினால் நாம் இதுவரை படித்த பாடம் வீணாகிவிடும். ஆனால் திசை தற்செயலன்று. மிக உயர்ந்த அளவீட்டுக்குப் பின் வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவும், மிகத் தாழ்ந்ததற்குப் பின் வருவது அதைவிட உயர்ந்தும் இருக்கும். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 928 பிள்ளைகளின் உயரங்களைப் பெற்றோரின் உயரங்களோடு ஒப்பிட்டு, 1886இல் இந்தப் போக்கை விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருக்கக் கண்டார்.

அணியை எப்படிக் கட்டுவது?

அணியைத் திருத்துபவர் கையில் மூன்று கட்டுகள் உண்டு. 2025ஆம் ஆண்டுக்கான பெரிய ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு. அதிகபட்சம் 25 வீரர்கள். அவர்களுள் வெளிநாட்டவர் எண்மருக்கு மேல் கூடாது. சென்னை அணி ஐந்து பேரைத் தக்கவைக்க 65 கோடி செலவிட்டது. மிச்சம் 55 கோடி. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். ஆகவே "சிறந்த வீரர் யார்?" என்பது மட்டும் வினாவன்று, "கொடுக்கும் விலைக்கு அதிகப் பயன் தருபவர் யார்?" என்பதே வினா.

இதற்கு மூன்று வழிகாட்டிகளைச் சொல்லலாம். முதலாவது, ஆட்டங்களை எண்ணுவதைவிடப் பந்துகளை எண்ணுங்கள். 14 ஆட்டங்களில் முடிவுகள் 14தான். ஆனால் அணி எதிர்கொள்ளக்கூடிய பந்துகள் 1,680. இரண்டாவது, சென்ற ஆண்டின் உச்சத்துக்கு விலை கொடுக்காதீர்கள். பல ஆண்டுச் சராசரிக்குக் கொடுங்கள். மூன்றாவது, வயதைக் கணக்கில் எடுங்கள். திறமை என்பது மாறிலியன்று. இளைஞனின் நாளைய சராசரி இன்றையதைவிட உயரலாம். மூத்தவரின் சராசரி தாழலாம்.

மூன்றாவது வழியைச் சென்னை அணி 2025 பாதியிலேயே கைக்கொண்டது. காயமடைந்த ருதுராஜுக்கு மாற்றாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே ஏழு ஆட்டங்களில் 240 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டு இறுதியில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைப் பெற்றது. டிசம்பர் ஏலத்தில் இந்திய அணிக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது.

இது துணிவா, அவசரமா? ஏழு ஆட்டங்களைக் கொண்டு மாத்ரேயை மேதை என்பதும், மூன்று ஆட்டங்களைக் கொண்டு ருதுராஜை உதவாதவர் என்பதும் ஒரே வகைத் தவறுகள்தாம். இளைஞர்களை வாங்குவது பிழையன்று. வாங்கிய பின் அவர்களை அளப்பதற்குப் போதுமான ஆட்டங்களைத் தராமல் விடுவதே பிழை.

மாணவர்களே! உங்கள் பள்ளி அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும். ஒரு மாலை நேரத்தில் ஆறு பந்துகளை வீசச் சொல்லித் தேர்வு முடிந்துவிடுவதுண்டு. அதற்கு மாற்றாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இரண்டு மாதங்களுக்கு ஒவ்வொருவரும் எதிர்கொண்ட பந்துகள், எடுத்த ஓட்டங்கள், வீசிய பந்துகள், கொடுத்த ஓட்டங்கள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். பின்னர் முதல் நாள் நீங்கள் மனத்தில் போட்ட பட்டியலையும் நோட்டுப் புத்தகம் தரும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பட்டியலில் இல்லாத ஒரு பெயர் இரண்டாவதில் இருக்கக்கூடும். அந்தப் பெயருக்கு உரியவருக்கு அது எத்தனை பெரிய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள்!