தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன்கள் அடுத்தடுத்து இறக்கும்போது நோயையோ மீனின் தரத்தையோ குறை கூறுவது வழக்கம் என்றாலும், காரணம் பல வேளைகளில் அவை நீந்தும் நீரிலேயே இருக்கிறது. குளத்தில் மீனின் கழிவு பெரும் நீர்ப்பரப்பில் கலந்து நீர்த்துப்போகிறது. 50 லிட்டர் தொட்டியிலோ உண்பது, கழிப்பது, மூச்சுவிடுவது ஆகிய அனைத்தும் அதே நீரில் நிகழ்வதால், கழிவு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது.

அக்கழிவுகளுள் முதன்மையானது அம்மோனியா. தீவனத்திலுள்ள புரதம் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜன், பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நேரடியாக நீரில் வெளியேறுகிறது; மீன் தின்னாமல் விட்டு, கூழாங்கற்களின் இடுக்கில் ஊறி அழுகும் தீவனமும் அதையே உண்டாக்குகிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை என்பதால், பளிங்குபோல் தெளிந்திருக்கும் நீரிலும் அது கொல்லும் அளவில் இருக்கக்கூடும். அதன் நச்சுத்தன்மையோ நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவான பி.எச். உயர உயரக் கூடுகிறது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானதே கடும் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது நூறில் 6 பங்குக்கும் மேலாகிவிடும்.

இந்த நச்சை அகற்றும் பணியைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களே செய்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது; நைட்ரைட்டும் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால், இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாம் பணியை நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா செய்வதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனத்தை ஒத்தவை என்பதை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

இந்த இரு வகை பாக்டீரியாக்களும் புதிய தொட்டியில் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் தொட்டியையும் பத்துப் பன்னிரண்டு மீன்களையும் ஒரே நாளில் வாங்கிச் செல்வோர், ஓரிரு வாரங்களுக்குள் அவற்றை ஒவ்வொன்றாக இழப்பதற்கு இந்தக் கால இடைவெளியே பெரும்பாலும் காரணமாகிறது. தொடக்கத்தில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, தீவனத்தைக் குறைத்து, நீரைச் சோதனைத் திரவத்தால் அவ்வப்போது பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று உறுதியான பின்னரே மற்றவற்றைச் சேர்ப்பது முறையாகும்.

பழகிய தொட்டியை அழிப்பது பெரும்பாலும் அளவுமீறிய தூய்மையே. வடிகட்டியின் பஞ்சில் வழவழப்பாகப் படிந்திருக்கும் பழுப்புப் படலம் பார்வைக்கு அழுக்காகத் தோன்றினாலும், அந்த பாக்டீரியாக்களின் குடியிருப்பு அதுதான். பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, கற்களை வெயிலில் உலர்த்தி, தொட்டி முழுவதும் புதுநீர் நிரப்பும்போது, வாரக்கணக்கில் உருவான பாதுகாப்பு ஒரே நாளில் பறிபோகிறது. ஆகவே வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றுவதும், வெளியே எடுத்த அந்தத் தொட்டி நீரிலேயே பஞ்சை மெதுவாகப் பிழிந்தெடுப்பதும் போதுமானவை. நைட்ரேட்டின் அளவு மிகாமல் காப்பதும் இந்த நீர்மாற்றமே.

ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். குடிநீரில் கிருமிநாசினியாகக் கலக்கப்படும் குளோரின் செவுள்களை அரித்து, நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் கலந்த குளோரின் நீக்கி உதவும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லாவிட்டாலும், ஆக்சிஜன் குறைந்தும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கக்கூடும் என்பதால், அதையும் காற்றோட்டம் கொடுத்து வைத்திருந்தே பயன்படுத்த வேண்டும்.

கோடையில் மற்றோர் இடர் சேர்கிறது. ஒரு லிட்டர் நீர் 20 டிகிரியில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரியிலோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் ஏற்கும். வெப்பத்தில் மீனின் ஆக்சிஜன் தேவையும் கூடுவதால், நீண்ட மின்தடையில் நெரிசலான தொட்டி மூச்சுத்திணறத் தொடங்குகிறது. அப்போது குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றி, மேற்பரப்பைக் கலக்கிவிடுவது உடனடி உதவியாகும்.

மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து திணறுவது ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா, நைட்ரைட் ஆகிய மூன்றுக்கும் பொதுவான அறிகுறி. அப்போது மருந்தைத் தேடுவதற்கு முன்பாகத் தீவனத்தை நிறுத்தி, கால் பங்கு நீரை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். நமது விருப்பத்துக்காகக் கண்ணாடிக்குள் அடைக்கப்பட்ட அவ்வுயிருக்குத் தன் துன்பத்தை உணர்த்த வேறு மொழியில்லை. அந்தத் திணறலைக் கண்டவுடன் செயல்படுவது வளர்ப்பவரின் கடமையாகும்.