சுத்தமான காற்றுக்கு யார் கூலி கொடுப்பது?



லொறிக் கூலி கூடினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். சந்தையில் வாங்குபவர் விலையைக் கூட்டித் தரமாட்டார். கூடிய கூலி விளைவித்தவரின் பணத்திலிருந்தே கழிக்கப்படும். செல்வந்த நாடான அமெரிக்காவிலும், கலிபோர்னியா மாநில விவசாயிகள் அண்மையில் இதே சிக்கலை எதிர்நோக்கினர்.

துறைமுகத்துக்குப் போகும் பாதை

உலகில் விளையும் பாதாம் பருப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவிலேயே விளைகிறது. அதிற் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. விளைச்சல் மிகுந்த பிரெஸ்னோ பகுதியிலிருந்து ஒக்லண்ட் துறைமுகம் ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தூரம். கொள்கலன்களை அங்கு இழுத்துச் செல்பவை பெரும்பாலும் டீசல் லொறிகளே.

அந்த லொறிகளின் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது? துறைமுகத்தை அண்டிய மேற்கு ஒக்லண்டில் கறுப்பின மக்களும் வறிய குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அங்கே தொய்வு நோயால் அவதியுறுவோர் பலர். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் அறிவித்தது. விவசாயப் பள்ளத்தாக்கின் காற்றும் அந்நாட்டில் மிக மோசமானவற்றுள் ஒன்று. தோட்டத் தொழிலாளரும் அதையே சுவாசிக்கின்றனர்.

எனவே 2023 ஏப்ரலில் மாநிலத்தின் காற்றுவள சபை ஒரு விதியை நிறைவேற்றியது. 2024 முதல் துறைமுக வேலைக்குப் புதிதாகப் பதியப்படும் லொறிகள் புகை விடாதவையாக இருக்க வேண்டும். 2035க்குள் அனைத்துமே அவ்வாறு மாற வேண்டும்.

சுமை எங்கே விழுந்தது?

நோக்கம் நல்லது. ஆனால் மின்லொறியின் விலை டீசல் லொறியைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. ஒருமுறை மின்னேற்றினால் பல மின்லொறிகள் 250 முதல் 400 கிலோமீற்றர் வரையே ஓடும். போகலாம், திரும்புவதற்குள் எங்காவது நின்று மின்னேற்ற வேண்டும். போதிய மின்னேற்று நிலையங்களோ இல்லை.

எடையும் ஒரு தடை. வீதியில் லொறியும் சுமையும் சேர்ந்து சுமார் 36 தொன்னைத் தாண்டக்கூடாது. மின்லொறிக்கு மேலதிகமாக அனுமதித்தது ஏறத்தாழ 900 கிலோ மட்டுமே. பற்றரியினால் கூடும் பாரம் பெரும்பாலும் அதனிலும் அதிகம். ஆகவே ஒரு பயணத்தில் ஏற்றக்கூடிய விளைபொருள் குறைகிறது.

பாதாமின் விலையைத் தீர்மானிப்பது உலகச் சந்தை. அவுஸ்திரேலியாவும் ஸ்பெயினும் போட்டிக்கு நிற்கின்றன. கூடிய கூலியை வெளிநாட்டு வியாபாரியின் தலையில் ஏற்றிவிட முடியாது. ஒரேயொரு லொறியை வைத்துப் பிழைப்பவர்களும் நடுங்கினர். அவர்களிற் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அரசு மானியங்கள் இருந்தன. ஆயினும் மீதிப் பணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

இவ்விதிக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. 2025 ஜனவரியில் மாநிலம் அந்த விண்ணப்பத்தை மீளப் பெற்றது. வழக்கொன்றின் இணக்கப்படி, துறைமுக லொறி விதியை நீக்குவதற்கு அவ்வாண்டு மே மாதத்தில் உடன்பட்டது. ஏற்றுமதியாளர் ஆறுதலடைந்தனர். மேற்கு ஒக்லண்டின் பிள்ளைகளுக்கோ அந்த ஆறுதல் கிட்டவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

சுமக்க அரிய சுமைகளை மக்கள்மீது ஏற்றிவிட்டு, அவற்றை விரலாலும் தொடாதவர்களை இயேசு கண்டித்தார். நல்ல நோக்கமுடைய சட்டத்துக்கும் இது பொருந்தும். நோயாளிப் பிள்ளையும் சிறு விவசாயியும் ஒருவருக்கொருவர் எதிரிகளாக்கப்படக் கூடாது. செலவைப் பங்கிடாமல் விட்டால் அதுவே நடக்கும்.

நமது ஊர்களுக்கும் திட்டங்கள் வருகின்றன: புதிய விதை, புதிய பசளை, மீள்குடியேற்றத்துக்கான புதிய ஒழுங்குகள். அடுத்த முறை அதிகாரி கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் சங்கம் எழுந்து நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். இதற்கான செலவு யாருடையது? மாறுவதற்கு எவ்வளவு காலம் தருவீர்கள்? தேவையான பாதையும் மின்சாரமும் நீரும் முதலில் வருமா? இதைத் தீர்மானித்தபோது எங்களில் யாரிடம் கேட்டீர்கள்?

பதிலை எழுத்தில் வாங்கி, சங்கப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.