கல்லறை இல்லாதவர்களுக்கு ஓர் இறக்கை

சிங்கப்பூரின் வடகோடியில் கிராஞ்சி என்ற இடம். அங்கே ஒரு சிறு குன்றின் உச்சியில் போர் நினைவகம் ஒன்று நிற்கிறது. வரிசை வரிசையாகச் சுவர்கள், அவற்றின் மேல் இருபுறமும் நீண்டு விரிந்த கூரை, நடுவே ஓங்கிய கோபுரம். சுவர்களின் வரிசை அணிவகுக்கும் தரைப்படையைக் குறிக்கிறது. கோபுரம் நீர்மூழ்கிக் கப்பலின் மேல்முகப்பு. கூரையோ ஒரு விமானத்தின் இறக்கை! முப்படையையும் ஒரே கட்டடத்தில் வடித்தவர் காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்ற கட்டடக் கலைஞர். 1957 மார்ச் 2 அன்று இது திறந்து வைக்கப்பட்டது.

அந்த இறக்கையின் நிழலில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் இறந்து, கல்லறை என்று ஒன்று அமையாமலே போனவர்கள் இவர்கள். தரையில் விழுந்த வீரனை உடன் இருந்தவர்கள் புதைத்து அடையாளம் வைக்கலாம். விமானத்தோடு விழுந்தவர் எந்தக் காட்டில், எந்தக் கடலில் விழுந்தார் என்று சொல்லவே பலமுறை ஆள் இருக்காது. அதனால் இந்த நினைவகத்துக்கு ஒரு பெரிய எல்லையை வகுத்தார்கள். தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் சுற்றியுள்ள கடல்களிலும் காணாமல் போன காமன்வெல்த் விமானப்படையினர் எல்லோரின் பெயர்களும் இதில் இடம்பெற்றன.

நம் வங்கக் கடலும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. பதிலுக்கு, பிரிட்டிஷ் விமானப்படையின் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் இலங்கையிலிருந்து சென்று ஜப்பானியக் கப்பற்படை மீது குண்டு வீசின. அவற்றில் ஐந்து திரும்பவில்லை. இப்படிக் கடலோடு போனவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சுவர்தான் முகவரி.

இத்தனை ஆயிரம் பெயர்களில் ஒன்றை எப்படித் தேடுவது? படை, பிரிவு, பதவி என்று வகுத்துப் பெயர்களைப் பத்தி பத்தியாகப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எண் உண்டு. பதிவேட்டில் பெயரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டால் நேராக அந்தச் சுவருக்கே போய்விடலாம். அதிகாரியானாலும் கடைநிலை வீரரானாலும் ஒரே வகைக் கல், ஒரே வகை எழுத்து. 1917-இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் வகுத்துக்கொண்ட அடிப்படை விதி அது.

இன்னொரு வியப்பும் உண்டு. இந்தப் பட்டியல் முடிந்துபோன பட்டியல் அல்ல. காணாமல் போனவரின் உடல் அடையாளம் காணப்பட்டு அடக்கமானால், அவர் பெயரைக் காலப்போக்கில் சுவரிலிருந்து எடுத்துவிடலாம். 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைவதாக அறிவித்த சில நாட்களில், எட்டுப் பேருடன் பறந்த ஒரு லிபரேட்டர் விமானம் மலாயாவின் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்தது. காட்டிலிருந்து மீட்கப்பட்ட அவர்களின் எச்சங்கள் 2012-இல்தான் கோலாலம்பூரில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. இடையில் ஓடியவை 67 ஆண்டுகள்.

காட்டிலாவது கால் பதித்துத் தேடலாம். கடலில்? 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடல் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் தேடிச் சலித்தன. ஏழாண்டுகளுக்குப் பின், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தானியங்கி நீர்மூழ்கிக் கலம் ஒன்றை இறக்கியது. கரையிலிருந்து 140 கடல் மைல் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளை அது படம் பிடித்தது. 2024 ஜனவரியில் செய்தி வெளியானது.

3,400 மீட்டர் என்றால் எவ்வளவு? திண்டுக்கல்லிலிருந்து நாம் ஏறிப்போகும் கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். அந்த மலையை அப்படியே அங்கே இறக்கி வைத்தாலும் அதன் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் நிற்கும். சூரிய ஒளி அங்கே எட்டாது. ஜி.பி.எஸ். அலையும் போகாது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 350 கிலோ எடை அழுத்தும்.

அங்கே கை கொடுப்பது ஒலி. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு இடத்தை வரையும் கருவிதான் சோனார். ஆனால் கடல்மட்டத்திலிருந்து அனுப்பும் ஒலி அடித்தளம் போய்த் திரும்ப நாலரை விநாடி ஆகும். அதற்குள் அது பரந்து விரிந்துவிடும், சின்னப் பொருள்கள் தெரியாது. ஆகவே கருவியையே அடித்தளத்துக்கு அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

அங்கும் ஒரு சாமர்த்தியம் தேவைப்படுகிறது. கூர்மையான படத்துக்கு மிக நீளமான ஒலிவாங்கி வேண்டும். சிறிய கலத்தில் அதற்கு இடமில்லை. எனவே கலம் நகர்ந்துகொண்டே ஒலியை அனுப்புகிறது. தரையின் ஒரே இடத்திலிருந்து வரும் எதிரொலியைப் பல நிலைகளிலிருந்து கேட்கிறது. கணினி அத்தனையையும் கோத்து, ஒரே நீளமான ஒலிவாங்கி கேட்டதைப் போல் ஆக்கிவிடுகிறது. இதற்குத் தொகுதுளைச் சோனார் என்று பெயர். சில சென்டிமீட்டர் அளவுள்ள பொருளைக்கூட இதனால் பிரித்துக் காட்ட முடியும்.

பெயரைக் கல்லில் காப்பதும் ஆளைக் கடலில் தேடுவதும் ஒரே கடமையின் இரண்டு பக்கங்கள். அந்தக் கடமையில் நமக்கும் பங்குண்டு. கிராஞ்சிச் சுவர்களில் இந்தியத் தரைப்படையினரின் பெயர்களும் ஏராளம். திண்டுக்கல் நாகல் நகரிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ, மலாயாப் போருக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், பழைய கடிதத்தையோ பதக்கத்தையோ எடுத்துப் பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நம் பெயர்களை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் பத்தி எண்ணும் கிடைக்கும். அதைக் குறித்து வைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.