ஐயாயிரம் பறவைகளை எப்படி எண்ணுவது? கோடியக்கரையில் ஒரு வாலண்டியர் கணக்கு

"வீக்கெண்ட்ல வைல்ட்லைஃப் வாலண்டியரிங் பண்ணணும், எங்க போறது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுல ஒரு வேலையைப் பத்தி மட்டும் இன்னிக்கு விரிவாப் பேசலாம்: ஜனவரியில கோடியக்கரையில நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு.

மேப்ல பாருங்க. சோழமண்டலக் கடற்கரை தெற்கே இறங்கி வந்து, சட்டுனு மேற்கே திரும்புற முனைதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. (பொன்னியின் செல்வன்ல பூங்குழலி படகு விடுற இடம்னு சொன்னா டக்குனு புரியும்.) 1967-ல முக்கியமா வெளிமானுக்காகத்தான் இதைச் சரணாலயமா அறிவிச்சாங்க. காட்டுக்கு மேற்கே சதுப்பும் உப்பளமுமா நீண்டு கிடக்கு. பறவைங்க இறங்குறது அங்கதான். மத்திய ஆசியப் பறவைப் பாதையோட தென்கோடி நிறுத்தங்கள்ல இதுவும் ஒண்ணு. கொசு உள்ளான்னு ஒரு குட்டிப் பறவை, எடை முப்பது கிராம்கூட இருக்காது, ஆர்க்டிக் பகுதியில முட்டையிட்டுட்டு இங்க வந்து சேத்துல இரை தேடுது.

சரி, இதையெல்லாம் எண்ணி என்ன ஆகப்போகுது? எனக்கும் முதல்ல இந்தக் கேள்விதான் வந்துச்சு. பதில் ராம்சர் உடன்படிக்கையில இருக்கு. ஒரு ஈரநிலத்துக்குச் சர்வதேச முக்கியத்துவம் உண்டுன்னு சொல்ல அதுல ஒன்பது அளவுகோல் இருக்கு. அதுல ரெண்டு அப்பட்டமான எண்கள். ஒண்ணு, தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகளோ அதுக்கு மேலேயோ வரணும். இன்னொண்ணு, ஒரு பறவையினத்தோட மொத்தத் தொகையில 1 சதவீதமாவது அங்க இருக்கணும். அதாவது இந்தப் பக்கம் வர்ற ஒரு இனம் மொத்தமே ஒரு லட்சம்னு வைங்க, ஒரே சதுப்புல தொடர்ந்து ஆயிரம் வந்தா போதும். கோடியக்கரை 2002-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. நாளைக்குப் பக்கத்துல ஏதாவது திட்டம் வந்தாலோ, 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச மாதிரி ஒண்ணு அடிச்சாலோ, "முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"ன்னு கேட்பாங்க. அப்போ கையில இருக்கப்போறது இந்த எண்ணிக்கைதான்.

இப்போ டெக்னிக். உப்பளத்து வரப்புல நிக்கிறீங்க, எதிர்ல ஐயாயிரம் உள்ளான்கள் ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொண்ணா எண்ண முடியாது. முதல்ல கூட்டத்தோட ஒரு ஓரத்துல ஐம்பதை நிஜமாவே எண்ணணும். அந்த ஐம்பது பைனாகுலர்ல எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல பதிச்சுக்கணும். அப்புறம் அதே கட்டத்தைக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கிட்டே போகணும். நடுவுல அடர்த்தி மாறும், கட்டத்தோட அளவையும் மாத்தணும். பல இனங்கள் கலந்து நின்னா, மொத்தத்தை முதல்ல எடுத்துட்டு, அங்கங்க சாம்பிள் பார்த்து விகிதம் போடுவாங்க. பூநாரை மாதிரி பெரிய பறவைன்னா போட்டோ எடுத்து வச்சு அப்புறமா எண்ணிச் சரிபார்க்கலாம்.

பெரிய கூட்டத்தைப் பார்த்தா மனுஷக் கண் பொதுவா குறைச்சுதான் மதிப்பிடும். புதுசா வர்றவங்க இன்னும் குறைப்பாங்க. அதனாலதான் ஒரே டீம், ஒரே பாயின்ட், கிட்டத்தட்ட அதே நேரம்னு வருஷாவருஷம் பிடிவாதமா இருக்காங்க. சென்சாரை மாத்திட்டு காலிபரேட் பண்ணாம விட்டா கிராஃப் விழுமே, அதே கதைதான். பறவை குறைஞ்சுதா, எண்ணுறவங்க மாறிட்டாங்களான்னு பிரிக்க முடியாது. என்னைக் கேட்டா, ஒரு தடவை வந்து ரீல்ஸ் போட்டுட்டுப் போற பத்து பேரைவிட, அஞ்சு வருஷம் தொடர்ந்து வர்ற ஒருத்தர்தான் அந்தச் சதுப்புக்கு லாபம். இன்னொண்ணு: கூட்டம் மொத்தமாப் பறக்கிற ஷாட்டுக்காக யாரும் கிட்ட ஓடாதீங்க. திரும்பிப் போற நீண்ட பயணத்துக்காக அதுங்க சேர்க்கிற கொழுப்பை நீங்க செலவு பண்ண வைக்கிறீங்க.

கால்ல வளையம் போடுறது வேற வேலை. பி.என்.எச்.எஸ்., அதாவது 1883-ல ஆரம்பிச்ச பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பல பத்தாண்டுகளா இங்க அதைச் செய்யுது. சாலிம் அலி இருந்த காலத்துலயே தொடங்கின வேலை இது. அந்த வளையத்துல இருக்கிற எண், ஒரு டேட்டாபேஸோட பிரைமரி கீ மாதிரி. எங்கயோ ஒருத்தர் அந்தப் பறவையைத் திரும்பப் பார்த்தாத்தான் ரெண்டு ஊரும் ஜாயின் ஆகும். வலை விரிச்சுப் பிடிக்க முறையான அனுமதியும் பயிற்சியும் வேணும். வாலண்டியர் அதுல பக்கத்துல நின்னு நோட்டுல எழுதலாம், அவ்வளவுதான்.

சேரணும்னா, வனத்துறையோட ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு அறிவிப்பு வரும்போது மாவட்ட வன அலுவலகத்துல பேர் கொடுக்கணும். தொப்பி, தண்ணி, சேத்துல போனாலும் பரவாயில்லைன்னு ஒரு பழைய ஷூ எடுத்துக்கோங்க. அடர் நிற சட்டை நல்லது, வெள்ளை வேண்டாம்.

கோடியக்கரை தூரம்னு நினைக்கிறவங்களுக்கு: அதே ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. வீட்டு மொட்டை மாடியில பதினஞ்சு நிமிஷம் நின்னு, பார்த்த எல்லாத்தையும் இ-பேர்ட்ல ஏத்தினா போதும். அபூர்வமானதை மட்டும் போட்டா லிஸ்ட் உதவாது. காக்கா இருந்தா காக்காவையும் எண்ணிப் போடுங்க.