நம்ம பக்கெட்டும் ஒரு சாயப்பட்டறைதான்!

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் பெரியவர்கள். எந்தத் தண்ணியில் கசக்குவது என்று சொல்லவில்லை! திருப்பூர்ப் பக்கம் ஹாஸ்டலுக்கு வரும் ஜூனியர் தம்பிகள் முதல் வாரமே கேட்பது இதுதான்: "ஏனுங்கண்ணா, எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரையே வரமாட்டேங்குதே?" ஒவ்வொருத்தருக்காகச் சொல்வதை விட, டெக்ஸ்டைல் வகுப்பில் படித்ததை வைத்து இங்கே எழுதிவிடுகிறேன்.

குற்றம் சோப்பின் மேல் இல்லை. போர் தண்ணியின் மேல். அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். அவை தீர்ந்த பிறகுதான் நுரை. பிசுக்கு துணியில் படிந்தால் வெள்ளைச் சட்டை மங்கும், துண்டு அட்டை மாதிரி விறைக்கும். ஆகவே கட்டி சோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். டிடர்ஜென்ட் தூள் உப்புத் தண்ணியிலும் வேலை செய்யும். முன்கூட்டியே தண்ணியில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா கலக்கி அரைமணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. கால்சியம் சுண்ணாம்பாகி அடியில் இறங்கும். பட்டு, கம்பளிக்கு மட்டும் சோடா கூடாது.

அடுத்தது அலசல். பிழிந்த பிறகும் துணியில் 1 லிட்டர் சோப்புத் தண்ணி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டரில் ஒரே தடவை அலசினால் 11-ல் 1 பங்கு சோப்பு மிஞ்சும். அதே 10 லிட்டரை ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் பிழிந்து, இரண்டு தடவை அலசினால் மிஞ்சுவது 36-ல் 1 பங்குதான்! தண்ணி ஒன்றுதான், கணக்குதான் வேறே. ஆனால் பனியனை முறுக்கிப் பிழியாதீங்க, உருவம் போயிடும், அமுக்கிப் பிழியுங்க.

புது கலர் பனியன் ஏன் சாயம் விடுகிறது? பருத்திக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி 'புரோசியான்' என்ற பெயரில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. உப்பு சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். சோடா அதை நூலோடு வேதிப்பிணைப்பாகச் சேர்க்கும். ஆனால் ஒரு பகுதி சாயம் தண்ணியோடு வினைபுரிந்து கெட்டுப்போய், நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பட்டறையிலேயே கொதிநீரில் சோப்பு போட்டுப் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அவசரத்தில் ஒரு அலசலைக் குறைத்தால், அந்த மிச்ச வேலை நம்ம பக்கெட்டுக்கு வந்து சேரும். கல்லுப்பில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கெட்டுப்போன சாயம் அதனால் பிணையாது. முதல் இரண்டு மூன்று சலவை தனியாகப் போடுவதே வழி.

அலசிய தண்ணி எங்கே போகிறது? இதுதான் பெரிய கேள்வி. சாயமும் உப்பும் கலந்த பட்டறைத் தண்ணி பல வருஷம் நொய்யலில்தான் போனது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாயின. சாயத்தை வடிகட்டலாம், கரைந்த உப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. சவ்வு வடிகட்டியில் தண்ணியையும், காய்ச்சி உப்பையும் திரும்ப எடுப்பது அப்படி வந்ததுதான்.

நம்மிடம் அந்த மிஷின் இல்லை. ஆனால் ஒரு பட்டறை உத்தி நமக்கும் உண்டு: கடைசி அலசல் தண்ணியைக் கொட்டாமல், அடுத்த ஈட்டுத் துணிக்கு முதல் அலசலாக வைத்துக்கொள்வது. நாலு பேர் சேர்ந்து துவைத்தால் எத்தனை பக்கெட் மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்குப் பட்டறையில் சூப்பர்வைசராக நிற்கப்போகும் நமக்கு, துவைக்கிற கல்தானுங்க முதல் லேப்!