ஒரு வயதுக்குப் பின் குழந்தை ஏன் குறைவாக உண்கிறது?

குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், காய்ச்சலையும் சளியையும் பற்றிக் கூறி முடித்தபின், எழுந்து செல்லுமுன் மற்றொன்றையும் சொல்வதுண்டு: “குழந்தை எதையுமே சாப்பிடுவதில்லை, டாக்டர்.” விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் தாய்க்கும், எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஷிப்டு முறையில் பணிபுரியும் தந்தைக்கும், அவர்கள் இல்லாத வேளையில் பேரக்குழந்தையைக் கவனிக்கும் பாட்டிக்கும் இக்கவலை பொதுவானது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பசியைப் பற்றிக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பசி குறைவது இயல்பே

பிறக்கும்போது ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள குழந்தை, ஓராண்டு நிறைவில் 9 கிலோ அளவை எட்டுகிறது. முதலாண்டில் மட்டும் சுமார் 6 கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டிலோ கூடுவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்ட குழந்தைக்கு உணவைவிட உலகமே பெரிதாகத் தெரிகிறது. ஒரு வேளை நன்றாக உண்டு, மறுவேளை இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்வதும் இவ்வயதின் இயல்பு. ஆகவே, ஒரு வேளை உணவைக் கொண்டு முடிவு செய்யாமல், ஒரு வாரத்தில் உண்டதை மொத்தமாகக் கணக்கிடுங்கள்.

குழந்தை போதுமான அளவு உண்கிறதா என்பதற்குச் சிறந்த சான்று தாய் சேய் நல அட்டையிலுள்ள வளர்ச்சி வரைபடம். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கும்போது, கோடு சீராக மேல்நோக்கிச் சென்றால் அச்சம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பருமனை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

வயிற்றை நிரப்பிவிடும் பொருள்கள்

“எதையுமே சாப்பிடுவதில்லை” என்று கூறப்படும் குழந்தையின் ஒருநாள் உணவைக் காலை முதல் இரவு வரை எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் வேறொரு செய்தி வெளிப்படும். எழுந்தவுடன் புட்டியில் பால், பெரியவர்களுடன் தேநீரில் தோய்த்த பொறை, பத்து மணிக்கு பிஸ்கட், அழுதபோது கடையில் வாங்கிய சிப்ஸ், உறங்குமுன் மீண்டும் பால். சிறிய வயிறு இவற்றால் நிரம்பியபின் சோற்றுக்கு இடமேது?

பால் நல்ல உணவே. ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 400 முதல் 500 மி.லி. பசும்பால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் மற்ற உணவுக்கான பசி கெடும், இரத்தசோகையும் உண்டாகலாம். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. எனவே குழந்தைக்குத் தேநீர் வேண்டாம். இரத்தசோகை ஏற்பட்ட குழந்தைக்குப் பசி மேலும் குறையும். பசி குறைந்ததென்று மீண்டும் பாலையே கொடுப்பதால் இச்சுழல் தொடர்கிறது.

இது அரிதாகக் காணப்படும் நிலையன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாத வயதுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இவ்வயதினருக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்துத் திரவமும், ஒரு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மருந்தும் அரசுத் திட்டங்களின் கீழ் வழங்கப்படுகின்றன. உங்கள் குழந்தைக்கு அவை கிடைத்தனவா என்று கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

வற்புறுத்தினால் என்ன நேரும்?

வாயைப் பிடித்து ஊட்டுதல், அச்சுறுத்துதல், தட்டுடன் தெருவெங்கும் துரத்துதல், கைபேசியில் படம் காட்டி வாயில் திணித்தல் ஆகிய யாவும் அன்பினால் செய்யப்படுபவையே. எனினும் அவை இரு தீங்குகளை விளைவிக்கின்றன. உணவு என்றாலே குழந்தைக்கு வெறுப்பு உண்டாகிறது. பசியையும் நிறைவையும் தானே உணரும் ஆற்றலும் மங்குகிறது.

இவ்வாற்றல் உண்மையானது என்பதை அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920-களில் தொடங்கிய ஆய்வு காட்டியது. தாய்ப்பாலை அப்போதுதான் மறந்த 15 குழந்தைகளுக்குப் பல்வகை இயற்கை உணவுகளை முன்னே வைத்து, எதையும் வற்புறுத்தாமல் அவர்களே தேர்ந்துகொள்ள விட்டார். ஒரு வேளை உண்டதற்கும் மறுவேளை உண்டதற்கும் பெருத்த வேறுபாடு இருந்தபோதிலும், குழந்தைகள் நலமுடன் வளர்ந்தனர். ஆனால் முன்னே வைக்கப்பட்ட அனைத்தும் சத்தான உணவுகள் என்பதை மறந்துவிடலாகாது. இனிப்புப் பண்டங்கள் அவற்றில் இல்லை.

நாம் கைக்கொள்ள வேண்டிய முறை இதிலிருந்தே கிடைக்கிறது. எந்த உணவு, எந்நேரம், எவ்விடம் என்பனவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

மூன்று வேளை உணவும், இடையே இரண்டு சிற்றுணவும் போதும். இரண்டுக்குமிடையே இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். தாய் வேலைக்குச் சென்றாலும், பாட்டியோ அத்தையோ அதே நேரத்தைப் பின்பற்றுவது இன்றியமையாதது. ஒருவர் மறுத்ததை மற்றொருவர் ஒளித்துக் கொடுத்தால் முயற்சி வீணாகும்.

குடும்பத்தில் ஒருவரேனும் உடனமர்ந்து உண்ணுங்கள். குழந்தைக்குத் தனித் தட்டு வைத்து, இரண்டு மூன்று தேக்கரண்டி அளவே பரிமாறுங்கள். கேட்டால் மேலும் கொடுக்கலாம். சிந்தினாலும் தன் கையாலேயே உண்ணட்டும். அரை மணி நேரத்துக்குள் தட்டை எடுத்துவிடுங்கள். கடிந்துகொள்ள வேண்டாம், அடுத்த வேளைக்கு முன் பிஸ்கட்டும் வேண்டாம். புதிய உணவைக் குழந்தை துப்பிவிட்டால், சில நாள் கழித்து மீண்டும் வையுங்கள். பத்துப் பதினைந்து முறை கண்டபின்னரே சில குழந்தைகள் ஒன்றை ஏற்கின்றனர்.

குறைந்த அளவு உண்ணும் குழந்தைக்கு ஒவ்வொரு வாயும் சத்துள்ளதாக இருக்க வேண்டும். ரசம் ஊற்றிக் கரைத்த சோறும் நீர்த்த கஞ்சியும் வயிற்றை நிரப்பினாலும் வலுவைத் தருவதில்லை. குழைந்த சோற்றில் கெட்டிப் பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேருங்கள். முட்டை, முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகுக் கூழ், கோழி ஈரல் ஆகியவை நல்லன. உடன் சிறிது எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ இருந்தால் இரும்புச்சத்து நன்கு சேரும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை உருண்டையாகவோ அடையாகவோ செய்து கொடுக்கலாம்.

நம் பகுதிக்குக் கடல் தரும் நன்மை மீன். கிழங்கான், சங்கரா போன்றவற்றைக் காரமின்றி வேகவைத்து, முள்ளைக் கையால் தடவிப் பார்த்து நீக்கி, உதிர்த்துச் சோற்றுடன் பிசையலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் சிறு மீன்களே ஏற்றவை. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் இவ்வயதில் தவிர்ப்பது நலம். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். அவற்றைப் பொடித்தோ நறுக்கியோ மட்டுமே கொடுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

எடை குறைந்தாலோ, தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் கூடாமல் இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். உடல் வெளிறுதல், மண்ணோ சுவர்ச் சுண்ணாம்போ தின்னுதல், நீடித்த வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், விழுங்கும்போது இருமல், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் அல்லது காய்ச்சல், வீட்டில் எவருக்கேனும் காசநோய் ஆகியன இருந்தாலும் பரிசோதனை தேவை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளது. 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ இரு பாதங்களும் வீங்கினாலோ அது கடுமையான நிலை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பழைய பேட்டரி உடைத்தல், பெயிண்ட் சுரண்டுதல் போன்ற வேலை செய்வோர் குளித்து உடை மாற்றியபின் குழந்தையைத் தூக்க வேண்டும். உடையில் ஒட்டிவரும் ஈயத்தூசு குழந்தையின் பசியையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும்.

பசியைத் தூண்டும் டானிக்கை மருந்துக் கடையில் நேரடியாகக் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் சில உறக்கத்தை உண்டாக்கும். குறைபாட்டின் உண்மைக் காரணமும் மறைந்துபோகும்.

அடுத்த முறை வரும்போது தாய் சேய் நல அட்டையையும், குழந்தை மூன்று நாள்களில் உண்டது, பருகியது அனைத்தையும் எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். பாட்டியின் துணையில் வளரும் குழந்தையானால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். குழந்தையின் உணவைப் பற்றி எங்களைவிட அவரே நன்கு அறிவார்.